ரெட் பென்னிசெட்டம்: சென்னை வெயிலுக்குத் தாங்குமா?

மாடிவாசி | ஜூன் 9, இரவு 9.40

வேளச்சேரி, மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்த மொட்டைமாடி. ஈசிஆர் நர்சரியில் 'ரெட் பென்னிசெட்டம்' என்று சொல்லிக் கொடுத்த சிவப்புப் புல், 12 இஞ்ச் பையில் நான்கு. வந்தபோது பீட்ரூட் நிறம். கத்திரி முடிவதற்குள் இலை நுனியெல்லாம் கருகியது. 50 சதவீத நிழல்வலைக்குள் தள்ளினேன். புது இலை பச்சையாக வருகிறது, தோகையே இல்லை. இது குளிர்ப் பிரதேசத்துச் செடி, சென்னை வெயிலுக்கு ஆகாது என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

நாற்றங்கால் | ஜூன் 9, இரவு 10.15

மறுக்கிறேன் சார். முதல்ல அந்த வலையைக் கழட்டுங்க.

இந்தப் புல்லோட பூர்வீகம் ஆப்பிரிக்காவோட வடக்கும் கிழக்கும், அரேபியப் பக்கமும். பனி விழுற ஊர்ல இது குளிர்காலம் தாண்டாது. அங்கெல்லாம் ஒரு வருஷச் செடியா வளர்த்துட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்க. பல வருஷம் நிக்கிறதே நம்ம மாதிரி ஊர்லதான்.

சிவப்பு வர்றது ஆந்தோசயனின்ங்கிற நிறமியால. நல்ல வெளிச்சம் பட்டாத்தான் அது இலையில சேரும். குறைஞ்சது 6 மணி நேரம் நேர் வெயில் வேணும். அது இல்லன்னா இலை பச்சையாகும், தூர் மெலியும், கதிர் வராது, கடைசியில சாஞ்சு படுக்கும்.

வலைக்குள்ள இருந்ததை ஒரேயடியா வெயில்ல வைக்காதீங்க. நாலு நாள் காலை வெயில் மட்டும், அடுத்த நாலு நாள் மதியம் 1 மணி வரைக்கும், அப்புறம் முழுசா. இப்ப இருக்கிற பச்சை இலை பெருசா சிவக்காது. புதுசா வர்றதுல பாருங்க.

நுனி கருகினது வேற விஷயம். என்ன தண்ணி ஊத்துறீங்க?

மாடிவாசி | ஜூன் 9, இரவு 10.32

போர் தண்ணீர். டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்பு) மீட்டரில் 1,800. வாரத்தில் சில நாள் ஆர்ஓ கழிவு நீரும் ஊற்றுவதுண்டு, வீணாகப் போகிறதே என்று.

உப்புக்காற்று | ஜூன் 10, காலை 6.50

குற்றவாளி கிடைத்துவிட்டது.

ஆர்ஓ இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கம் ஒதுக்குகிறது. உள்ளே போகும் நீர் 1,800 என்றால், கழிவுக் குழாயில் வருவது இயந்திரத்தைப் பொறுத்து 2,500 முதல் 3,500 வரை இருக்கும். பைக்குள் ஊற்றினால் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். ஏப்ரல், மே மாதங்களில் தினமும் ஊற்ற ஊற்ற அது ஏறிக்கொண்டே போகும். மண்மேல் வெள்ளைப் படிவம், பழைய இலைகளில் சீராக நுனிக் கருகல், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உப்புதான்.

வேறு காரணங்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க: இலை நீளவாக்கில் சுருண்டு ஊசியாக நின்றால் தாகம், மாலைக்குள் விரிந்துவிட்டால் கவலையில்லை. இலை முழுக்க ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன். கருகல் நுனியில் மட்டும் நின்று, ஓரம் வழியாக மெல்ல இறங்கினால் உப்பு.

தீர்வு, கழுவி விடுவது. 12 இஞ்ச் பையில் சுமார் 20 லிட்டர் மண் பிடிக்கும். அதற்கு இரு மடங்கு, 40 லிட்டர் மெட்ரோ தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டாமல் பாதிப் பாதியாக, ஒரு மணி நேர இடைவெளி விட்டு ஊற்றுங்கள். அடியில் வழிவது வெளியேறி ஓட வேண்டும். தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கோடையில் 15 நாளுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. சென்னை ஈரக்காற்றில் ராத்திரி முழுக்க ஓடும் ஏசி ஒரு வாளியை நிரப்பிவிடும். கழுவுவதற்கு அதைவிட நல்ல தண்ணீர் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

கணு | ஜூன் 10, மதியம் 1.20

எல்லோரும் வைத்தியத்துக்குப் போய்விட்டீர்கள். நோயாளி யார் என்று யாராவது பார்த்தீர்களா?

'பென்னிசெட்டம்' என்ற பெயரில் இங்கே விற்பவை குறைந்தது மூன்று. முதலாவது உண்மையான ரூப்ரம், அதாவது 'ரெட் பென்னிசெட்டம்' என்று கேட்டால் கிடைக்க வேண்டிய சிவப்புப் புல்: இலை அகலம் 6 முதல் 11 மிமீ, தட்டையானது, நடுநரம்பு தெரியும், கதிர் வளைந்து தொங்கும், உயரம் 3 முதல் 5 அடி. இரண்டாவது பச்சைத் தோகைப் புல், செட்டேசியம். இலை 2 முதல் 3 மிமீதான், விறைப்பாக உள்ளே சுருண்டிருக்கும், கதிர் வெளிர் ரோஜா. மூன்றாவது சிவப்பு நேப்பியர், அதாவது மாட்டுத் தீவனம். தண்டு விரல் தடிமன், இலை 2 செமீக்கு மேல், ஓரம் கையை அறுக்கும், ஒரே வருடத்தில் 10 அடி. குட்டிப் பையில் இருக்கும்போது மூன்றையும் பிரித்தறிவது கஷ்டம் என்பது விற்பவருக்கும் தெரியும்.

இலையை அளந்து சொல்லுங்கள். தேடும்போது ஒன்று: 2010க்குப் பிறகு பென்னிசெட்டம் பேரினத்தைச் செங்க்ரஸ் பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆகையால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

மாடிவாசி | ஜூன் 12, காலை 7.05

8 மிமீ. நடுநரம்பு தெரிகிறது. ரூப்ரம்தான் போலிருக்கிறது. ஆர்ஓ குழாயைக் கழிப்பறைப் பக்கம் திருப்பியாயிற்று. தோகை வந்தால் அதிலிருந்து விதை எடுத்துக் கீழ்வீட்டிலும் போடலாமா? இணையத்தில் 'சிவப்புத் தோகைப் புல் விதை, 100 எண்ணம்' என்று விற்கிறார்களே?

கணு | ஜூன் 12, இரவு 8.10

வாங்காதீர்கள். ரூப்ரம் கலப்பினம், உருப்படியான விதை வைப்பதில்லை. அதைப் பெருக்கத் தூர் பிரிக்க வேண்டும், அல்லது தண்டுக் கணுவை வேர்பிடிக்க வைக்க வேண்டும். விதைப் பொட்டலத்தில் வருவது பச்சைச் செட்டேசியமாக இருக்கும், இல்லையென்றால் ஊதா இலைக் கம்பு. பின்னது ஒரு பருவத்தோடு முடிந்துபோகும்.

பச்சை வகையை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், அதன் விதை கருவுறுதல் இல்லாமலே உருவாகும், காற்றில் பறக்கும், மண்ணில் ஆறேழு வருடம்கூட உயிரோடு கிடக்கும். ஹவாய்த் தீவுகளில் அழகுக்காகக் கொண்டுபோன புல் எரிமலைக் குழம்புப் பாறைமேலெல்லாம் பரவி, காய்ந்த பிறகு காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதை ஊடுருவும் அயல் இனப் பட்டியலில் சேர்த்தது. ஈசிஆர் ஓரத்து மணல் காலிமனைகளில் இது இறங்கினால் யாரும் பிடுங்கி முடிக்க முடியாது.

களிமண் | ஜூன் 15, மாலை 4.45

பள்ளிக்கரணை. தரையில், காம்பவுண்டு சுவரை ஒட்டி 30 அடிக்கு ஒரு வரிசை வைக்க ஆசை. களிமண், மழைக்குத் தண்ணீர் இரண்டு மூன்று நாள் நிற்கும். பக்கத்து வீட்டு மாமி 'புல்லு வச்சா பாம்பு வரும்' என்று இப்போதே போர்க்கொடி.

நாற்றங்கால் | ஜூன் 16, காலை 6.30

மாமிக்கு முதல்ல பதில். பாம்பு எலியைத் தேடி வரும், தவளையைத் தேடி வரும், அடியில மறைவு இருந்தா தங்கும். புல்லுக்கு அடியில காஞ்ச சோகை சேராமப் பாத்துக்கிட்டா, தரை கண்ணுக்குத் தெரியும். சுவருக்கும் தூருக்கும் நடுவுல 2 அடி விடுங்க, துடைப்பம் போற வழி. வாசற்படிப் பக்கமும் மோட்டார் ரூம் பக்கமும் வேண்டாம்.

இப்ப நடவு. களிமண்ணுல குழி வெட்டி நட்டா அந்தக் குழிதான் குளம். சுத்தி உள்ள களி தண்ணியை வாங்காது. அதனால தரைக்கு மேல 12 இஞ்ச் உயரம், 3 அடி அகலத்துல மேட்டுப்பாத்தி போடுங்க. செம்மண் 2 பங்கு, எம்-சாண்ட் 1 பங்கு, மக்கின தொழு உரம் 1 பங்கு. எம்-சாண்ட்ல பூச்சு வேலைக்கு வர்ற பொடி வேண்டாம், கான்கிரீட்டுக்குப் போடுற கரடு வாங்குங்க. பொடியா இருந்தா களியோட சேர்ந்து இறுகிடும். செடிக்குச் செடி 3 அடி. 30 அடிக்குப் பத்து போதும். நட்டவுடனே சொட்டையாத்தான் தெரியும், நெருக்கி நடாதீங்க. காத்து புகலைன்னா அடி இலை அழுகும்.

மாடிக்காரருக்கு: 12 இஞ்ச் பை ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்து 15க்கு 15 இஞ்ச். அதுல 40 லிட்டருக்கு மேல கொள்ளும், நனைஞ்சா ஒரு பை 50 கிலோவுக்கு மேல வரும். அதனால நடு மாடியில கூட்டமா வைக்காம, பீமுக்கு மேல, சுவரோரமா பிரிச்சு வைங்க. பையைத் தட்டோட்டுமேல நேரா வைக்காதீங்க. இந்த வேர் ஓட்டை வழியா வெளிய வந்து ஓட்டுச் சந்துக்குள்ள போகும், அப்புறம் ஒழுகல் வேலைக்கு ஆள் தேடணும். இரும்பு ஸ்டாண்டு, இல்லன்னா நாலு செங்கல்.

ஒரு பைக்கு வேப்பம்புண்ணாக்கு 100 கிராம், அடிமண்ணோட கலந்து. ரசாயன உரம் எதுவும் வேண்டாம்.

உப்புக்காற்று | ஜூன் 16, இரவு 9.00

மாடிக்கு அவ்வளவு கனமான கலவை எதற்கு? பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு போட்டால் எடை வெகுவாகக் குறையும், மே மாதத்தில் ஒருவேளைத் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும்.

நாற்றங்கால் | ஜூன் 17, காலை 6.10

மே மாசத்துக்குச் சரி. நவம்பர்ல பேசுவோம்.

கணு | ஜூலை 21, மாலை 6.00

ஆடி பிறந்தாயிற்று, தூர் பிரிக்க ஏற்ற நேரம். மாலை இடிமழையும் உண்டு, வெயிலும் உண்டு, வேர் பிடிக்க ஐப்பசி வரை அவகாசம் இருக்கிறது. இதை விட்டால் அடுத்தது தை, மாசி. சித்திரையிலும் கார்த்திகையிலும் கை வைக்காதீர்கள்.

செய்முறை: முந்தைய நாள் நன்றாக நனையுங்கள். இலையைக் கயிற்றால் கட்டி, ஓர் அடி விட்டு மேலே வெட்டிவிடுங்கள். பையைக் கிழித்து வேர்க்கட்டியை வெளியே எடுத்துக் கருக்கரிவாளாலோ பழைய ரம்பத்தாலோ நறுக்குங்கள். கையால் பிய்த்தால் தூர் வேரில்லாமல் வரும். ஒரு துண்டில் 3 முதல் 5 தூர், ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர். நடுவில் காய்ந்து பொக்கையாக இருக்கும் பழைய பகுதி உரக்குழிக்கு. நடும்போது தூரடி மண்மட்டத்தில் இருக்க வேண்டும்; அரை இஞ்ச் ஆழமாகப் போனாலும் மழையில் அழுகும். இரண்டு வாரம் நிழல்வலை. ஆம், இந்த ஓர் இடத்தில் வலைக்கு வேலை உண்டு, மாடிவாசி.

தண்டுக் குச்சியும் பிடிக்கும். கதிர் விடாத தண்டாக, இரண்டு கணு இருக்கும்படி நறுக்கி, ஒரு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே. கதிர் தள்ளிய தண்டில் வேர் வருவது அபூர்வம்.

மாடிவாசி | செப்டம்பர் 3, காலை 8.15

நிறம் திரும்பிவிட்டது, தோகையும் வந்துவிட்டது. ஆனால் நான்கில் இரண்டு நடுவில் பிளந்து நாலாபக்கமும் படுத்துக்கிடக்கின்றன. ரோஜாவுக்குக் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றும்போது இவற்றுக்கும் 10 நாளுக்கு ஒரு குவளை ஊற்றினேன்.

நாற்றங்கால் | செப்டம்பர் 3, மதியம் 12.40

அதான் சார் காரணம். புண்ணாக்குல தழைச்சத்து அதிகம். தண்டு சட்டுனு நீளும், உரம் ஏறாது, கதிர் பாரம் தாங்காமப் படுத்துடும். சிவப்பும் மங்கும். ரோஜாவுக்குப் பந்தி வைங்க, இதைப் பட்டினி போடுங்க. வருஷத்துக்கு ஒரே தடவை, வெட்டி விட்டப்புறம், பைக்கு அரைக் கிலோ மண்புழு உரம். தரையில ஒரு தூருக்கு ஒரு கிலோ தொழு உரம். அவ்வளவுதான்.

இந்தத் தடவைக்கு, பிளந்து விழுந்த தண்டை மட்டும் அடியோட எடுத்துடுங்க. மொத்தத்தையும் வெட்டாதீங்க, கதிர் சீசன் இது.

உப்புக்காற்று | செப்டம்பர் 4, காலை 7.30

படுத்த தூருக்கு நடுவில் பூனை உறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவும். பிளவு வட்டமாக இருந்தால் புண்ணாக்கு நிரபராதி.

நாற்றங்கால் | அக்டோபர் 12, காலை 6.20

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி செய்ய வேண்டியது, எல்லாருக்கும்.

சென்னைக்கு வருஷத்துல சுமார் 1,400 மிமீ மழை. அதுல பாதிக்கு மேல அக்டோபர் முதல் டிசம்பருக்குள்ள கொட்டிடும். இந்தப் புல் சாகுறது அப்பதான், கத்திரியில இல்ல. பை ஓட்டையில வேர் அடைச்சிருக்கும், ஒரு கம்பியால குத்தித் திறங்க. அடியிலேர்ந்து ஒரு இஞ்ச் மேல, பக்கவாட்டுல நாலு ஓட்டை புதுசா போடுங்க. மூடாக்குப் போட்ட தென்னைமட்டை, சருகு எல்லாத்தையும் எடுத்துடுங்க. கோடையில அது ஈரம் காக்கும், மழையில தூரடியை அழுக வைக்கும். மழை பெய்யுற வாரத்துல தண்ணியே வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்தா தோகையோட சேர்த்துச் சணல் கயித்தால தூரை இடுப்புல கட்டிடுங்க, பையைக் கைப்பிடிச் சுவர்மேல இருந்து கீழ இறக்குங்க. 50 கிலோ பை தெருவுல விழுந்தா அது தோட்டப் பிரச்சினை இல்ல, போலீஸ் பிரச்சினை.

உப்புக்காற்று | நவம்பர் 19, இரவு 8.50

நவம்பர் வந்துவிட்டது, பேசுவோம் என்றவர் எங்கே? பாதி நார்க்கழிவு போட்ட பைகள் மழை நின்று ஐந்து நாளாகியும் பிழிந்தால் சொட்டுகின்றன. செம்மண் கலவை இரண்டு நாளில் மேலே உலர்ந்துவிட்டது. கடலோர வெயிலுக்கு நார்க்கழிவு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் பாதி அதிகம், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மீதியை எம்-சாண்ட் பார்த்துக்கொள்ளட்டும்.

களிமண் | நவம்பர் 24, காலை 9.10

பத்தில் மேட்டுப்பாத்தியில் உள்ள ஏழும் நன்றாக நிற்கின்றன. மூலையில், மண் போதாமல் தாழ்வாக விட்ட மூன்று மஞ்சளாகிவிட்டன. இழுத்தால் தூர் கையோடு வருகிறது, அடியில் சாக்கடை வாடை.

நாற்றங்கால் | நவம்பர் 24, காலை 10.05

அழுகல் ஏறிடுச்சு. நடு இலையை இழுத்தாலே வந்துடுச்சுன்னா அந்தத் தூர் போயிடுச்சு. ஓரத்துல கெட்டியா நிக்கிற தூர் இருந்தா மட்டும் பிரிச்சு, கறுத்த வேரை வெட்டிட்டு, வெறும் எம்-சாண்ட் போட்ட சின்னத் தொட்டியில மழை படாத வெளிச்சத்துல வைங்க. மருந்து ஊத்திப் பிரயோஜனம் இல்ல, தண்ணி வடியற வழிதான் மருந்து. அந்த மூலையில மறுபடி இதையே நடாதீங்க.

மாடிவாசி | டிசம்பர் 21, மாலை 5.30

இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சுப் பொடி. விரலில் ஒட்டுகிறது. மாவுப்பூச்சியா?

கணு | டிசம்பர் 21, இரவு 7.15

மாவுப்பூச்சி வெள்ளையாக, பஞ்சுபோல், இலை உறைக்குள் ஒளிந்திருக்கும். அதற்கு வேப்பெண்ணெய் 5 மிலி, காதிச் சோப்புக் கரைசல் 1 மிலி, ஒரு லிட்டர் தண்ணீர். உறைக்குள் இறங்குமாறு மாலையில் தெளிக்க வேண்டும்.

உங்களுடையது துரு நோய். மழை விட்ட பிறகு ராத்திரிப் பனியில் இலை விடிய விடிய நனைந்திருப்பதால் வருவது. பாதித்த இலைகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். பரவினால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை வெந்துபோகும். 35 டிகிரிக்கு மேலும் கூடாது.

பக்கத்தில் கத்திரிச் செடி இருந்தால் தள்ளி வையுங்கள். கம்பைத் தாக்கும் துருப் பூஞ்சை தன் வாழ்க்கையில் ஒரு கட்டத்தைக் கத்திரியில்தான் கழிக்கும். நம் புல்லும் கம்பின் உறவுக்காரன்.

நாற்றங்கால் | ஜனவரி 24, காலை 6.40

பொங்கல் முடிஞ்சது, பனி குறையுது. இப்பலேர்ந்து பிப்ரவரி நடு வரைக்கும் கவாத்துக் காலம். துரு பிடிச்ச இலை இருந்தாலும் இதோட போயிடும்.

இந்தப் புல் நம்ம ஊர்ல தானா காஞ்சு உறங்காது. அதனால நாமதான் வெட்டணும், இல்லன்னா உள்ளே காஞ்ச சோகை அடைச்சுப் போய்க் கரையான் ஏறும். முழுக்கை சட்டை போட்டுக்கோங்க, இலை ஓரம் அரிக்கும். இடுப்புல கட்டி, தரையிலேர்ந்து 8 இஞ்ச் விட்டு வெட்டுங்க. மொட்டையா மண்ணோட வெட்டிடாதீங்க. ரூப்ரம் நிறைய தளிர் விடுறது தண்டுக் கணுவுலேர்ந்து. கணுவைக் கழிச்சுட்டா மாசக்கணக்கா முழிச்சுட்டு நிக்கும், சில சமயம் வராமலே போகும். ஒழுங்கா வெட்டினா நாலு முதல் ஆறு வாரத்துல செடி நிறைஞ்சுடும், கத்திரிக்கு முன்னாடியே கதிர் பாக்கலாம்.

களிமண் | ஜனவரி 25, இரவு 8.20

அந்தத் தாழ்ந்த மூலைக்கு வேறென்ன வைக்கலாம்? கொழுக்கட்டைப் புல் தோகையும் அழகாக இருக்கிறதே?

கணு | ஜனவரி 25, இரவு 9.35

கொழுக்கட்டைப் புல்லும் இதே செங்க்ரஸ் பேரினம்தான், ஆனால் மானாவாரி மணலுக்கு உரியது. தேங்கும் நீரில் அதுவும் மாளும், விதை வேறு கொட்டும்.

வெட்டிவேர் வையுங்கள். வாரக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் சாகாது, உப்பும் தாங்கும். தென்னிந்தியாவில் பயிரிடும் வகை விதை வைத்துப் பரவுவதில்லை. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேர் கீழே 2 முதல் 3 மீட்டர் போகும், சுவரின் அஸ்திவாரத்தை ஒன்றும் செய்யாது. நாற்று வாங்கி மேலே 20 செமீ, வேர் 10 செமீ விட்டு நறுக்கி, 2, 3 தூராகச் சேர்த்து 15 செமீ இடைவெளியில் நடுங்கள். ரூப்ரம்போல் வளைந்து தொங்காது, விறைப்பாக 5 அடிக்கு நிற்கும். பச்சை வேலியாக வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதம் தண்ணீர் தவறக் கூடாது.

களிமண் | ஜனவரி 25, இரவு 9.50

மாமி ஒத்துக்கொண்டார். வேர் தோண்டும்போது பாதி அவருக்காம், பானைத் தண்ணீருக்கு.

நாற்றங்கால் | ஜனவரி 26, காலை 6.15

வேரைத் தோண்டணும்னா ஒன்றரை வருஷம் பொறுக்கச் சொல்லுங்க. தோண்டினா தூரையே கிளப்பணும், வேலியில ஓட்டை விழும். அவங்க பங்குக்கு நாலு நாத்து பக்கத்துல ஒரு பழைய டிரம்முல தனியா வைங்க.